டிராக்டர் டிரெய்லரில் இண்டிகேட்டர் விளக்கு: சரியாக இணைப்பது எப்படி?

வயலுக்குப் போகும் வண்டிப்பாதை பெரும்பாலும் தார்ச்சாலையிலிருந்து சட்டென்று பிரியும். கரும்போ வைக்கோலோ ஏற்றிய டிரெய்லருடன் மெதுவாக வரும் டிராக்டர் அந்த இடத்தில் வலதுபுறம் திரும்பும். பின்னால் வரும் இருசக்கர வாகனக்காரர் அதே நேரத்தில் வலதுபுறமாக முந்தத் தொடங்கியிருப்பார். டிராக்டர் ஓட்டுநர் இண்டிகேட்டர் போட்டிருப்பார். ஆனால் அந்த விளக்கு டிராக்டரின் மட்கார்டில் இருக்கிறது. அதற்கும் பின்னால் வருபவர் கண்ணுக்கும் நடுவில் ஒரு லோடு கரும்பு நிற்கிறது.

டிரெய்லரின் பின்புறம் தனி இண்டிகேட்டர் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. பல டிரெய்லர்களில் வாங்கும்போது விளக்கு இருந்திருக்கும். இரண்டு பருவம் ஓடியதும் கண்ணாடி உடைந்து, ஒயர் அறுந்து, வெறும் இரும்புக் கூடு மட்டும் மிஞ்சியிருக்கும். மீண்டும் பொருத்தும்போது மட்கார்டு விளக்கின் ஒயரைச் சீவி, புதிய ஒயரைச் சுற்றி, டேப் ஒட்டிவிடுகிறோம். அன்று எரியும். ஒரு மாதத்தில் ஒருபக்கம் மங்கும், பிறகு படபடவென்று வேகமாகச் சிமிட்டும், பிறகு பிளாஷர் போய்விடும். கடைசியில் டிராக்டரின் சொந்த இண்டிகேட்டரும் எரியாமல் போகும். இது ஏன் நடக்கிறது, எப்படித் தவிர்ப்பது என்பதை இங்கே பார்க்கலாம்.

பிளாஷர் எவ்வளவு தாங்கும்?

டிராக்டரின் மின்சாரம் 12 வோல்ட். பழைய வகை இண்டிகேட்டர் பல்பு ஒன்று 21 வாட். 21ஐ 12 ஆல் வகுத்தால் 1.75 ஆம்பியர். ஒரு பக்கத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு பல்பு; மொத்தம் 3.5 ஆம்பியர். டிரெய்லரில் அதே பல்பு இன்னொன்றைச் சேர்த்தால் 5.25 ஆம்பியர் ஆகிறது. நான்கு பக்கமும் சேர்ந்து சிமிட்டும் ஹசார்ட் சுவிட்சைப் போட்டால் ஆறு பல்பு, 126 வாட், 10.5 ஆம்பியர்.

இந்த மின்சாரம் முழுவதும் பிளாஷர் என்ற ஒரு சிறு டப்பா வழியாகத்தான் போகிறது. டக் டக் என்று சத்தம் போடுவது அதுதான். அதன் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். 2(4)×21 வாட் என்று இருந்தால், ஒரு பக்கத்துக்கு இரண்டு பல்பு, ஹசார்டில் நான்கு பல்பு வரை தாங்கும் என்று பொருள். அதாவது டிராக்டருக்கு மட்டும். 2+1(6)×21 வாட் என்று இருந்தால் டிரெய்லருக்கும் சேர்த்துச் செய்யப்பட்டது. இந்த எழுத்தைப் பார்க்காமல் யாரும் ஒயரைத் தொட வேண்டாம்.

பிளாஷரில் இரண்டு வகை உண்டு. பழைய டிராக்டர்களில் இருப்பது வெப்பத்தில் இயங்கும் வகை. மின்சாரம் போகும்போது உள்ளே இருக்கும் தகடு அல்லது கம்பி சூடாகித் தொடர்பு விட்டுச் சேரும். பல்பு கூடினால் சீக்கிரம் சூடாகும். சிமிட்டலும் வேகமாகும், உள்ளே உள்ள தொடர்பு முனையும் கருகும். ஒரு பல்பு பியூஸ் ஆனால் மெதுவாகும், அல்லது சிமிட்டாமல் எரிந்தபடியே நிற்கும். புதியது எலக்ட்ரானிக் வகை. இதில் பல்பு கூடினாலும் வேகம் மாறாது. ஆனால் ஒரு பல்பு போய்விட்டால் இரண்டு மடங்கு வேகத்தில் சிமிட்டி ஓட்டுநருக்கு அறிவிக்கும். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை சிமிட்டுவதுதான் முறையான வேகம். கடிகாரத்தை வைத்து 15 விநாடி எண்ணினால் 15க்கும் 30க்கும் இடையில் வர வேண்டும்.

மூன்று வழிகள்

முதல் வழி, டிரெய்லரில் எல்இடி விளக்கைப் பொருத்துவது. எல்இடி இண்டிகேட்டர் 3 வாட் என்று வைத்துக்கொண்டால் கால் ஆம்பியர்தான். டிராக்டரின் பழைய 21 வாட் பல்புகளை அப்படியே விட்டுவிட்டு, டிரெய்லரில் மட்டும் எல்இடி போட்டால் பிளாஷருக்கு இந்தக் கூடுதல் சுமை பொருட்டே இல்லை. பிளாஷர் மாற்ற வேண்டாம், ரிலே வேண்டாம். பெரும்பாலான விவசாயிகளுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். ஒரே குறை, டிரெய்லர் விளக்கு எரியாமல் போனால் பிளாஷருக்கு அது தெரியாது; சிமிட்டும் வேகம் மாறாது. ஆகவே வண்டியை எடுக்கும் முன் இறங்கிப் பின்னால் போய்ப் பார்க்கும் பழக்கம் கட்டாயம் வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டிரெய்லரோடு நிற்காமல் டிராக்டரின் பல்புகளையும் எல்இடி ஆக்கினால், எலக்ட்ரானிக் பிளாஷர் எல்லாப் பல்பும் போய்விட்டதாக நினைத்துப் படபடக்கும். அதைச் சரிசெய்ய 6 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்துத் தருவார்கள். அந்த ரெசிஸ்டர் வீணாகக் குடிப்பது 24 வாட். அதனை முழுதும் வெப்பமாகத்தான் வெளியே தள்ளும். வைக்கோல் ஏற்றும் வண்டியில் அதைக் கட்டுவது அடுப்பைக் கட்டுவது போல. எல்லாம் எல்இடி வேண்டும் என்றால் எல்இடிக்கான பிளாஷரையே வாங்கிப் போடுங்கள்.

இரண்டாவது வழி, டிரெய்லரில் சாதாரண பல்பையே வைத்துக்கொண்டு, பிளாஷரை 2+1(6) வகைக்கு மாற்றுவது. பழைய பிளாஷரில் எத்தனை முனை, எந்த எண் என்று பார்த்து வாங்க வேண்டும். 49 என்பது மின்சாரம் உள்ளே வரும் முனை, 49ஏ என்பது இண்டிகேட்டர் சுவிட்சுக்குப் போவது, 31 என்பது எர்த். சில பிளாஷர்களில் டிரெய்லருக்கான அறிகுறி விளக்குக்கு சி2 என்று ஒரு முனை கூடுதலாக இருக்கும். டேஷ்போர்டில் அந்தச் சிறு விளக்கு சிமிட்டினால் டிரெய்லர் பல்பும் எரிகிறது என்று தெரிந்துகொள்ளலாம். எல்இடி போட்ட டிரெய்லரில் அது சிமிட்டாமல் போகலாம்; அதற்கு வேண்டிய அளவு மின்சாரத்தை எல்இடி இழுப்பதில்லை.

மூன்றாவது, ரிலே வழி. இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று என இரண்டு 12 வோல்ட் ரிலே. 30 என்ற முனைக்கு பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் பியூஸ் வழியாக மின்சாரம். 87லிருந்து டிரெய்லர் விளக்குக்கு ஒயர். 86க்கு டிராக்டரின் இண்டிகேட்டர் ஒயர். 85 எர்த்துக்கு. இப்படிச் செய்தால் டிராக்டரின் இண்டிகேட்டர் ஒயர் ரிலேவுக்குத் தட்டி எழுப்பும் வேலையை மட்டும் செய்கிறது. டிரெய்லர் பல்புக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராகப் போகிறது. பிளாஷர் மேல் விழும் கூடுதல் சுமை ஒரு ரிலேவுக்கு 0.2 ஆம்பியருக்குள் அடங்கும். ரிலே அணையும் ஒவ்வொரு முறையும் அதன் சுருள் ஒரு உயர் வோல்ட் அதிர்வைத் திருப்பி அனுப்பும். எலக்ட்ரானிக் பிளாஷர் அதைத் தாங்காது. 85க்கும் 86க்கும் குறுக்கே 1என்4007 டையோடு ஒன்றை, அதன் வெள்ளிக்கோடு 86 பக்கம் இருக்கும்படி வைத்தால் போதும். டையோடு உள்ளேயே வைத்த ரிலேவும் கிடைக்கிறது; அதில் 85, 86ஐ மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது.

ரிலேயின் ஆயுளையும் யோசிக்க வேண்டும். பல சாதாரண ரிலேக்களுக்கு முழுச் சுமையில் ஒரு லட்சம் முறை என்று தயாரிப்பாளர் சொல்வார். நிமிடத்துக்கு 90 சிமிட்டல் என்றால் இது பதினெட்டரை மணி நேரம். திருப்பங்களுக்கு மட்டும் பயன்படுத்தினால் கவலையில்லை. ஒரு திருப்பத்துக்கு 10 விநாடி என்றால் 6,600 திருப்பங்களுக்கு வரும். ஆனால் சர்க்கரை ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்போது இரவெல்லாம் ஹசார்டைப் போட்டுவிட்டுத் தூங்குபவருக்கு ஒரே வாரத்தில் அது தீர்ந்துபோகலாம்.

அந்த வரிசையைப் பற்றி இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஆறு பல்பும் சிமிட்டும்போது 10.5 ஆம்பியர். பாதி நேரம் எரிந்து பாதி நேரம் அணைவதால் சராசரி 5.25 ஆம்பியர். பத்து மணி நேரத்தில் 52 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து போய்விடும். 75 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. சாலையை விட்டு ஆலை வளாகத்துக்குள் வந்துவிட்டால் ஹசார்டை அணைத்துவிடலாம். சாலையிலேயே நிற்க நேர்ந்தால் அணைக்கக் கூடாது. அப்போது பேட்டரிக்காக அவ்வப்போது எஞ்சினை ஓட்ட வேண்டும்.

ஏழு பின் சாக்கெட்

டிராக்டரின் பின்புறம் வட்டமாக, மூடியோடு ஒரு சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். சேறு அடைத்துக் கிடக்கும். டிரெய்லருக்கு வேண்டிய எல்லா இணைப்பும் அதில் தயாராக இருக்கும்போது மட்கார்டு ஒயரைச் சீவ வேண்டியதே இல்லை. 12 வோல்ட் ஏழு பின் சாக்கெட்டில் பொதுவாக வரும் ஒழுங்கு இது:

1 – இடது இண்டிகேட்டர், மஞ்சள் ஒயர்
2 – கூடுதல் விளக்கு, நீலம்
3 – எர்த், வெள்ளை
4 – வலது இண்டிகேட்டர், பச்சை
5 – வலது டெயில் விளக்கு, பழுப்பு
6 – பிரேக் விளக்கு, சிவப்பு
7 – இடது டெயில் விளக்கு, கருப்பு

நம் ஊரில் கருப்பு என்றால் எர்த் என்று கை தானாகப் போகும். இங்கே கருப்பு டெயில் விளக்கு, எர்த் வெள்ளை. இந்த ஒரு குழப்பத்தால் பியூஸ் போன டிராக்டர்கள் நிறைய. அடுத்து, சாக்கெட்டை முன்னால் இருந்து பார்ப்பதும் பின்னால் இருந்து பார்ப்பதும் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறும். இடத்தை வைத்து முடிவு செய்யாமல், ஒவ்வொரு பின் அருகிலும் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்து இணையுங்கள். நிறத்தையும் முழுதாக நம்ப வேண்டாம். முன்பு யாராவது பழுது பார்த்திருந்தால் கையில் கிடைத்த ஒயரைப் போட்டிருப்பார்கள். 5 வாட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் இணைத்த சோதனை விளக்கை வைத்து, ஒரு முனையை எர்த்தில் தொட்டு, மறுமுனையை ஒவ்வொரு பின்னிலும் வைத்து, இன்னொருவரை சுவிட்சுகளைப் போடச் சொல்லி உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சாக்கெட் இல்லாத பழைய டிராக்டரில் புதிதாக ஒன்று வாங்கி, பின்புற விளக்குகளின் இணைப்பிலிருந்து ஒயர் எடுத்துப் பொருத்தலாம். இணைக்கும் இடத்தில் ஒயரை முறுக்கி டேப் ஒட்டுவது வேண்டாம். டிராக்டர் அதிர்வில் அந்த முறுக்கு தளரும். டேப்பின் பசை வெயிலில் இளகிவிடும். செம்பு லக்கில் கிரிம்ப் செய்து, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு மூடுங்கள். ஒயர் தகட்டைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். இல்லையென்றால் தகட்டின் விளிம்பு சில மாதங்களில் மேலுறையை அறுத்துவிடும். அங்கேதான் ஷார்ட் ஆகும்.

பியூஸ் அடிக்கடி போனால் பெரிய பியூஸ் போடுவது, அல்லது சிகரெட் தாள் வெள்ளிக்காகிதம் சுற்றுவது நம்மிடம் உள்ள பழக்கம். டிரெய்லர் ஒயர் வைக்கோலுக்கும் காய்ந்த கரும்புத் தோகைக்கும் அடியில் ஓடுகிறது. அங்கே ஷார்ட் ஆகும்போது பியூஸ் உருகவில்லை என்றால் ஒயர்தான் சிவந்து உருகும். அதற்கு மேலே இருப்பது என்ன என்று நினைத்துப் பார்த்தால் போதும்.

ஒயரின் தடிமன்

கடையில் மலிவாகக் கிடைப்பது அரை சதுர மி.மீ. ஒயர். டிராக்டரின் பின்புறத்திலிருந்து டிரெய்லரின் கடைசி வரை 8 மீட்டர், திரும்பி வர எர்த் 8 மீட்டர், ஆக 16 மீட்டர். அரை சதுர மி.மீ. செம்பு ஒயரில் இந்தத் தூரத்துக்கு 0.56 ஓம் தடை. 1.75 ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ ஒரு வோல்ட் வழியிலேயே போய்விடும். ஒரு வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் இழைப் பல்பின் வெளிச்சம் வோல்ட் குறைவதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். 12 வோல்ட் 11 ஆனால் வெளிச்சத்தில் கால்பங்கு போய்விடும். ஒன்றரை சதுர மி.மீ. ஒயர் என்றால் இழப்பு மூன்றில் ஒரு வோல்ட்தான்.

எர்த் ஒயருக்கு இன்னும் கவனம் தேவை. எல்லா விளக்கின் மின்சாரமும் அந்த ஒரே ஒயர் வழியாகத் திரும்புகிறது. இண்டிகேட்டர் ஒன்று, பிரேக் பல்பு இரண்டு, டெயில் பல்பு இரண்டு எரிந்தால் 6 ஆம்பியருக்கு மேல். ஆகவே எர்த்துக்கு இரண்டரை சதுர மி.மீ. போடுங்கள். எல்இடி விளக்கு மட்டும் உள்ள டிரெய்லருக்கு மின்சாரக் கணக்குப்படி மெல்லிய ஒயரே போதும். ஆனாலும் நான் ஒன்றுக்குக் குறைவாகப் போடச் சொல்ல மாட்டேன். மெல்லிய ஒயர் கரும்பு இழுத்தால் அறுந்துவிடும்.

எர்த் இல்லாமல் எதுவும் இல்லை

டிரெய்லர் விளக்கில் வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் எர்த் கோளாறுதான் என்று நான் துணிந்து சொல்வேன். டிரெய்லரின் இரும்புச் சட்டத்தில் எர்த்தைக் கொடுத்துவிட்டு, கொக்கி வழியாக அது டிராக்டருக்குப் போய்ச் சேரும் என்று விட்டுவிடுகிறார்கள். கொக்கியில் துரு, கிரீஸ், சேறு. குண்டு குழியில் அது குதிக்கும்போது தொடர்பு விட்டுவிட்டு வரும். எர்த்துக்குத் தனி ஒயர் போட்டு, பிளக்கின் 3ஆம் பின் வழியாகவே டிராக்டருக்குக் கொண்டுவர வேண்டும்.

எர்த் போனால் விளக்கு வெறுமனே அணையாது. வேடிக்கையான வேலைகள் செய்யும். இடது இண்டிகேட்டர் போட்டால் இரண்டு பக்கமும் மங்கலாகச் சிமிட்டும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் லேசாக எரியும். இண்டிகேட்டர் சிமிட்டும்போது டெயில் விளக்கும் கூடவே துடிக்கும். இதைப் பார்த்து சுவிட்சை மாற்றுவார்கள், பிளாஷரை மாற்றுவார்கள், கோளாறு போகாது. நடப்பது இதுதான். இடது பல்பைக் கடந்த மின்சாரம் டிரெய்லரின் பொது எர்த் புள்ளிக்கு வருகிறது. அங்கிருந்து டிராக்டருக்குத் திரும்ப வழி இல்லை. ஆகவே அதே புள்ளியில் சேரும் வலது பல்பு வழியாகவோ டெயில் பல்பு வழியாகவோ பின்னோக்கி ஏறி, அந்த ஒயரில் டிராக்டரின் விளக்குகளுக்குப் போய், அங்கே எர்த்தைத் தேடிக்கொள்கிறது. வாய்க்கால் மடை அடைத்தால் தண்ணீர் பக்கத்து வயல் வரப்பை உடைத்துக்கொண்டு போவது போலத்தான். எல்இடி டிரெய்லரில் பெரும்பாலும் பின்னோக்கி மின்சாரம் கடக்காது. எர்த் போனால் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் அணையும். அதுவும் ஒரு அடையாளமே. எல்லாம் ஒன்றாகப் போனால் விளக்கைக் கழற்றாதீர்கள், முதலில் எர்த்தைப் பாருங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் அளந்தே கண்டுபிடிக்கலாம். சிமிட்டும் விளக்கில் மீட்டர் முள் நிற்காது. ஆகவே பிளாஷரைக் கழற்றிவிட்டு, அதன் சாக்கெட்டில் 49, 49ஏ இரண்டையும் ஒரு சிறு ஒயரால் இணையுங்கள். இண்டிகேட்டர் சிமிட்டாமல் நிலையாக எரியும். இப்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை டிரெய்லர் விளக்கின் எர்த் முனையிலும் வையுங்கள். சுழியத்துக்கு அருகில் இருக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ தொடர்பு கெட்டிருக்கிறது. பேட்டரியிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கி நகர்ந்து அளந்து வந்தால், எந்த இடத்தில் அளவு சட்டென்று ஏறுகிறதோ அதுதான் கோளாறு. சோதனை முடிந்ததும் ஒயரை எடுத்துவிட்டு பிளாஷரைத் திரும்ப மாட்ட மறக்க வேண்டாம்.

சாலையில் ஓடும்போது மட்டும் விட்டுவிட்டு எரிகிறது, நிறுத்திப் பார்த்தால் நன்றாக எரிகிறது என்றால் பிளக்கின் பின் தளர்ந்திருக்கும். பித்தளைப் பின்னின் நடுவில் பிளவு இருக்கும். கத்தி முனையை அந்தப் பிளவில் வைத்து இம்மியளவு விரித்தால் மீண்டும் இறுக்கமாகப் பிடிக்கும்.

எங்கே பொருத்துவது?

சாயும் டிரெய்லரில் பின்கதவில் விளக்கு வைக்கக் கூடாது. கதவு திறக்கும்போதும் கழற்றும்போதும் ஒயர் போய்விடும். அடிச்சட்டத்தின் பின் குறுக்கு இரும்பில், இரண்டு ஓரத்திலும், முடிந்த அளவு வெளிப்பக்கமாக வையுங்கள். ஏற்றும் இயந்திரமோ இன்னொரு டிராக்டரோ இடித்தால் உடையாதபடி, விளக்கைச் சுற்றி அதைவிடச் சற்று வெளியே நீட்டிய கம்பி வளையம் ஒன்றை வெல்டிங் செய்துகொள்ளலாம். வெல்டிங் செய்யும்போது பிளக்கைக் கழற்றி வைக்க வேண்டும். கரும்பு பின்பக்கம் நீட்டிக்கொண்டு தொங்கும் லோடில் அடிச்சட்ட விளக்கும் மறையும். அப்படி ஏற்றுபவர்கள், விளக்குப் பலகை ஒன்றைத் தனியாகச் செய்துகொள்வது நல்லது. ஒரு பலகையின் இரண்டு ஓரத்திலும் விளக்கு, நடுவில் சிவப்புப் பிரதிபலிப்பான், 10 மீட்டர் கேபிள், நுனியில் ஏழு பின் பிளக். லோடு ஏற்றி முடித்ததும் கரும்பின் கடைசியில் கயிற்றால் கட்டிவிடலாம். அதே பலகையை ரோட்டவேட்டர், கலப்பைகளுக்குப் பின்னாலும் சாலையில் போகும்போது மாட்டலாம். இரண்டு மூன்று டிரெய்லர் வைத்திருப்பவருக்கு ஒரே பலகை போதும் என்பது கூடுதல் வசதி.

இண்டிகேட்டரின் நிறம் ஆம்பர், அதாவது ஆரஞ்சு கலந்த மஞ்சள். பின்னால் டெயில் விளக்கும் பிரேக்கும் சிவப்பு. அழகுக்காக நீலம், பச்சை, வெள்ளை எல்இடி பட்டைகளைப் பின்னால் ஒட்டுவது பெருகிவருகிறது. பின்னால் வருபவருக்கு அந்த வெளிச்சத்தில் உண்மையான இண்டிகேட்டர் தெரியாமல் போகிறது. வெள்ளை விளக்கைப் பார்த்து வண்டி எதிரே வருகிறது என்றும் நினைத்துவிடுவார்கள். மின்சாரம் முழுதும் போனாலும் வேலை செய்வது பிரதிபலிப்புப் பட்டைகள் மட்டுமே. பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை என்று ஒட்டி, வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் கேபிள் முழுத் திருப்பத்திலும் இழுபடாத அளவு தளர்வாக இருக்க வேண்டும். ஆனால் தரையில் உரசக் கூடாது. டிரெய்லரின் இழுவைச் சட்டத்தின் மேல் ஒரு ஸ்பிரிங்கில் தூக்கிக் கட்டினால் இரண்டு பிரச்சினையும் தீரும். பி.டி.ஓ. தண்டு சுழலும் வண்டியில் கேபிள் அதன் பக்கமே போகக் கூடாது. சட்டத்துக்கு அடியில் போகும் ஒயரை நெளிவுக் குழாய்க்குள் விட்டு, கிளிப் போட்டுப் பிடியுங்கள். கொட்டகையில் எலி இருந்தால் குழாயின் இரு முனையையும் அடைத்துவிட வேண்டும். எலி உள்ளே நுழைந்துவிட்டால் எந்த இடத்தில் கடித்தது என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

உரம் ஏற்றும் டிரெய்லருக்குத் தனிக் கவனம் வேண்டும். யூரியா, பொட்டாஷ் தூள் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து, பின்களின் மேல் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். உரம் இறக்கியதும் டிரெய்லரை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஆனால் அழுத்தக் குழாயைப் பிளக், சாக்கெட் பக்கம் காட்டக் கூடாது. களிம்பை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, மேலே வாசலின் மெல்லிசாகத் தடவினால் ஒரு பருவம் தாங்கும். புதிதாக வாங்கும் விளக்கு ஐ.பி. 67 தரமா என்று கேட்டு வாங்கினால் தண்ணீர் உள்ளே போகாது.

சுவிட்சைப் போடும் முறை

விளக்கு சரியாக எரிந்தாலும் அதைப் பயன்படுத்தும் பழக்கம் தவறாக இருந்தால் ஆபத்து அப்படியே இருக்கும். நாற்சந்தியில் நேராகப் போகிறேன் என்பதற்கு ஹசார்ட் போடுவது பரவலான பழக்கம். பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு பக்க விளக்கு மட்டுமே தெரியும். அவர் வண்டி திரும்பப் போகிறது என்றுதான் நினைப்பார். ஹசார்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது திரும்பும் அடையாளத்தைக் காட்டவும் முடியாது. அது வண்டி நிற்கும்போது பயன்படுத்த வேண்டியது. இன்னொன்று, பின்னால் வருபவரை முந்திச் செல்லச் சொல்ல வலது இண்டிகேட்டர் போடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதே விளக்கு வலதுபுறம் திரும்பவும் போடப்படுகிறது. வலது இண்டிகேட்டரைப் பார்த்து முந்துவதா நிற்பதா என்று பின்னால் வருபவர் யோசிக்கும் நிலையை நாமே உண்டாக்கக் கூடாது. வழிவிட வேண்டுமானால் இடப்பக்கம் ஒதுங்கி வேகத்தைக் குறைத்தாலே அவருக்குப் புரியும்.

வலதுபுறம் வயலுக்குத் திரும்பும் முன் குறைந்தது 10 விநாடி முன்னதாகப் போடுங்கள். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகும் டிராக்டர் 10 விநாடியில் 55 மீட்டர் போகும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் பைக் அதே நேரத்தில் 166 மீட்டர் வந்துவிடும். அந்த 110 மீட்டர் வித்தியாசத்துக்குள் இருப்பவர் விளக்கைப் பார்த்து முடிவெடுக்க நேரம் கிடைக்க வேண்டும். திரும்பும் கடைசி நொடியில் போட்டால் அவர் ஏற்கனவே பக்கத்தில் வந்திருப்பார்.

எல்லாம் இணைத்து முடித்த அன்று இரவே ஒரு சோதனை செய்யுங்கள். லோடு ஏற்றிய டிரெய்லரைச் சாலையோரம் சமதளத்தில் நிறுத்தி, ஒருவர் 100 அடி தள்ளிப் பின்னால் நிற்கட்டும். பைக் ஓட்டுபவர் கண் உயரத்தில் இருந்து பார்க்க வேண்டும். டெயில் விளக்கு, பிரேக், இடது, வலது, பிறகு பிரேக் மிதித்தபடி இடது, பிரேக் மிதித்தபடி வலது என்று வரிசையாகப் போட்டுப் பாருங்கள். தனித்தனியாகச் சரியாக எரிந்து, பிரேக்கோடு சேர்ந்தால் மங்கினால் எர்த்தைத் திரும்பப் பாருங்கள். டிரெய்லரைக் கழற்றி வைக்கும்போது பிளக்கைத் தரையில் விடாமல், இழுவைச் சட்டத்தில் ஒரு பழைய சாக்கெட்டைப் பொருத்தி அதில் செருகி வைத்தால் சேறும் போகாது, அடுத்த முறை தேடவும் வேண்டாம்.